அக்காவின் வயிறும் எங்கள் வகையறாவும்

வயிறு எரிந்தது அக்காவுக்கு. அதைப் பார்க்கச் சேலத்துக்குப் புறப்பட்டு வந்தவர்கள் எங்கள் பங்காளிகள், வீட்டுக்கு ஒருவர் வீதம். அக்கா மட்டும் வரவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். இப்போது நானும் கொஞ்சம் சிரித்துக்கொள்கிறேன். அன்றைக்கு மலை மேல் நாங்கள் பஸ் ஏறும் செம்மேட்டில், விடிந்தும் விடியாத பனிக்குள், வெள்ளை வேட்டியும் புதுத் துண்டுமாகக் கோயில் பூசைக்குக் கிளம்பியது போல் நின்றிருந்த அந்த ஆண்களைப் பார்த்தபோது, அப்படியே திரும்பி மிளகுக் காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றுதான் தோன்றியது.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை ஒரு நாடு என்போம்; எங்கள் ஊர் திண்ணனூர் நாட்டில் இருக்கிறது. ரோடு முடிந்த பிறகும் கொஞ்சம் நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்கா போகவில்லை. மாடு மேய்க்கவும், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரியவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் அவளாக இருந்தாள். நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா வயிற்றுக் கட்டியில் இறந்துபோனார். அவருக்கு முன்பே பெரியப்பாவும் அதே மாதிரி. இரண்டு பேருமே வருஷக்கணக்காக நெஞ்சுக்குக் கீழே ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டு காட்டுவேலை செய்தவர்கள். சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, ஒரு ஏப்பம் வந்துவிட்டால் சரியாகிவிட்டது என்பார்கள். கடைசியில் மலையிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எங்களைத் திட்டுவது தவிர டாக்டர்களுக்கும் வேறு வேலை இருக்கவில்லை.

அத்தையும் அப்படித்தான் போனாள். அப்பாவுக்கு நேர் இளையவள். அதே இடம், அதே எரிச்சல், கடைசியில் அதே வாந்தி. ஆனால் எங்கள் ஊரில் யாரும் அத்தையை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவள் செத்தது அவள் புருஷன் வீட்டுச் சாவு. அந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை என்று முடித்துவிட்டார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவள் கும்பிடும் குலசாமி மாறிவிடுகிறது, வகையறா மாறிவிடுகிறது. அதோடு சேர்ந்து உடம்பும் மாறிவிடும் என்று வெளிப்படையாக யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது.

சேலத்தில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும்போது ஒரு நாள் வகுப்பில் எங்கள் பேராசிரியை அழற்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். காலில் முள் ஏறினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்கிறதே, அதுதான் அழற்சி. உள்ளே நுழைந்ததை விரட்ட உடம்பு தன் ஆட்களை அனுப்புகிறது. ஆட்களை வரச் சொல்லவும், போதும் திரும்பு என்று சொல்லவும் உடம்புக்குள் சில சேதிகள் ஓடுகின்றன. எந்தச் சேதி எவ்வளவு பலமாகப் போக வேண்டும் என்பது மரபணுக்களில் இருக்கிறது. அந்த மரபணுக்களில் ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து இப்படி அப்படி மாறியிருக்கும். அது அப்பாவிடமிருந்தும் வரலாம், அம்மாவிடமிருந்தும் வரலாம். சிலருக்கு அந்த மாற்றத்தால் அழற்சி கொஞ்சம் கூடுதலாக எழும், அடங்கவும் நாளாகும். வயிற்றில் ஒரு கிருமி வருஷக்கணக்கில் குடியிருந்தால், பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. அழற்சி அடங்காதவர்களுக்கு மட்டும் வயிற்றின் உள்தோல் எரிந்து எரிந்து, நாளடைவில் அவர்களில் சிலருக்கு அது புற்றாக மாறக்கூடும்.

'கூடும்' என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார். கொஞ்சம், சிலருக்கு, கூடும். இந்தத் தொடர்பு எல்லா நாட்டு மக்களிடமும் ஒரே மாதிரி தெரியவில்லை என்றும், இதை வைத்து யாருக்கு வரும் யாருக்கு வராது என்று ஜோசியம் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மற்றவர்களுக்கு அது பரீட்சைக்கு வரக்கூடிய ஒரு கேள்வி. எனக்கு அப்பாவின் கை கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. உடனே அதன் பின்னால் அக்காவின் கையும் வந்தது. போன பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனபோது அவளும் அதே இடத்தில் கை வைத்து அழுத்திக்கொண்டுதான் சோறு போட்டாள்.

வகுப்பு முடிந்து பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த வயிற்று டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார். டாக்டர் என் அப்பா, பெரியப்பா, அத்தை மூன்று பேரையும் பற்றிக் கேட்டுக்கொண்டார். மரபணுப் பரிசோதனை எல்லாம் இங்கே கிடையாது, இப்போதைக்கு அது தேவையும் இல்லை என்றார். குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்போம், கிருமி இருந்தால் மாத்திரையில் கொன்றுவிடுவோம், செய்யக்கூடியது இதுதான், ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும் என்றார். உன் குடும்பத்தில் வயிற்றுத் தொந்தரவு இருக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வா என்றும் சொன்னார்.

குடும்பத்தில் என்று சொன்னார் பாருங்கள், நானும் ஊருக்குப் போய் அதையே சொன்னேன்.

நான் போன நேரம் பங்காளிகள் எல்லோரும் குலசாமி பூசைக்கு நாள் பார்க்க எங்கள் வாசலில் கூடியிருந்தார்கள். அம்மாவுக்கு மட்டும் விளங்க வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். எல்லோரும் காதைக் கொடுத்துவிட்டார்கள். படித்த படிப்பை ஊருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை அப்போது எனக்கு அளவுக்கு மீறி இருந்தது. மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குக் காவல் நாய் வைக்கிறோம், ராத்திரி பன்றி வந்தால் நாய் விரட்டுகிறது, சில வீட்டு நாய் பன்றி போனதும் வந்து படுத்துக்கொள்ளும், சில வீட்டு நாய் பன்றி போன பிறகும் விடிய விடியக் காட்டுக்குள் ஓடிக் கிழங்குச் செடியை எல்லாம் மிதித்துவிடும், நம் வயிற்றில் இருக்கிறது அந்த இரண்டாவது வகை நாயாக இருக்கலாம் என்றேன்.

இருக்கலாம் என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் நாயைப் பற்றியே பேச்சு நடந்தது. யார் வீட்டு நாய் யார் காட்டை மிதித்தது என்ற பழைய வழக்கு ஒன்று மேலே வந்தது. அப்பாவின் பங்காளி முறையில் எனக்குச் சித்தப்பா ஒருவர் உண்டு. எந்தக் கூட்டத்திலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர். அவர்தான் தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப இது நம்ம வகையறாச் சீக்கு. நம்ம ரெத்தத்துல ஓடறது. அப்பிடித்தான கண்ணு?"

அப்பா வழியில் மட்டும் இல்லை, அம்மாவிடமிருந்தும் பாதி வருகிறது என்று நான் சொன்னதுதான் தாமதம், அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, செத்துப்போன எங்க அப்பனுக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கற வயிறு, எம் பொறந்த ஊட்டைச் சந்திக்கு இழுக்காதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சித்தப்பா சிரித்தார். குச்சிக்கிழங்கு நட்டால் குச்சிக்கிழங்குதான் வரும், மண்ணா முளைக்கும், பொம்பளை மண்ணு மாதிரி, அவளிடமிருந்து என்ன வரும் என்றார். குச்சிக்கிழங்கை நாம் விதைப்பதே இல்லை, தண்டை வெட்டி நடுகிறோம், அதில் அப்பனும் இல்லை ஆத்தாளும் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கியிருக்க வேண்டும்; சொல்லிவிட்டேன். கிழங்குக்கு அப்பன் இல்லையாம் என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

கடைசியில் அவர்களாகவே முடிவெடுத்தார்கள். வகையறாச் சீக்கு என்றால் வகையறாவே போய்ப் பார்த்துவிட வேண்டும். குலசாமி பூசைக்கு எப்படி வீட்டுக்கு ஒருவர் போகிறோமோ, அப்படியே வீட்டுக்கு ஒருவர். அந்த ஒருவர் பார்த்துக்கொண்டால் அந்த வீட்டுக்கே பார்த்த மாதிரி. ஐயோ, அப்படி இல்லை, வயிறு வலிக்கிறவர்கள் மட்டும் வந்தால் போதும், முக்கியமாக அக்கா வர வேண்டும் என்றேன். அது கட்டிக்கொடுத்த பெண், அதற்கு எப்படி நம் சீக்கு வரும் என்றார்கள். என்மேல் அவர்களுக்கு வருத்தம் வேறு: சொந்தப் பங்காளிகளை விட்டுவிட்டு அடுத்த வகையறாப் பெண்ணை முதலில் கூப்பிடுகிறானே என்று.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் சின்ன வயதில் வேறு ஊரிலிருந்து எங்கள் பங்காளி வீட்டுக்குச் சுவீகாரம் வந்தவர். எங்கள் ரத்தம் அவருக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"நானும் இந்த வகையறாதானுங்களே. சாமி கும்பிட ஆளாச்சு, சீக்குக்கு ஆளில்லையா? என்னை மட்டும் ஒதுக்கிப்போட்டா ஊருல என்ன பேசுவாங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை இறங்கி முடியும் வரை ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் வாந்தி எடுத்தார்கள். அதுவும் அந்த நாய்தான் என்று பின் சீட்டிலிருந்து சித்தப்பா அறிவித்தார்.

டாக்டர் வராந்தாவில் நின்றவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, இவனுடைய அப்பாவுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். எல்லோரும் பங்காளி என்றார்கள். எத்தனை தலைமுறைக்கு முன்னால் பங்காளி என்று கேட்டதற்கு, அதெல்லாம் யாருங்க எண்ணறது என்றார்கள். வயிற்றில் ஏதாவது தொந்தரவு உண்டா என்றால் பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. சித்தப்பாவுக்கு மட்டும் நெஞ்செரிச்சல் இருந்தது. அது அவர் இழுக்கும் பீடியின் வேலை என்று டாக்டருக்கு அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. கடைசியில் டாக்டர், உன் அக்கா எங்கே என்றார். நான் பதில் சொல்வதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"அது கட்டிக்குடுத்த புள்ளைங்க. வேற வகையறா ஆயிப்போச்சுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், இதைத்தான் நீ படிக்கிறாயா என்ற கேள்வி இருந்தது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த ஆள் ஒருத்தி, அவளுக்குத் தொந்தரவும் இருக்கிறது, அவளை விட்டுவிட்டு ஊரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய் என்றார். எல்லோருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் ஜெலுசில் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். திரும்பும் வழியெல்லாம் பங்காளிகளுக்கு அதுதான் குறை: இவ்வளவு தூரம் வந்தும் குழாய் போடாமல் அனுப்பிவிட்டார்களே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவளைக் கட்டிக்கொடுத்தது குண்டனி நாட்டில். வாசலில் பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குனிந்து நிமிரும்போது ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுதான், உடம்பு அதற்குள் இளைத்துவிட்டிருந்தது. காப்பி கொடுத்தாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. அடுக்களை மாடத்தில் உப்பு, புளிக்குப் பக்கத்தில் சோடா உப்புப் பொட்டலம் இருந்தது, எங்கள் வீட்டில் அப்பா வைத்திருந்த அதே மாதிரி வாயைச் சுருட்டி ரப்பர் மாட்டி.

எத்தனை நாளாக இது என்று கேட்டேன். எப்பவாவதுதான், களி ஒத்துக்கவில்லை என்றாள். களி தின்று வளர்ந்த உடம்புக்குக் களி எப்படித் திடீரென்று ஒத்துக்காமல் போகும் என்று கேட்டதற்கு மிளகைக் கிளறிவிட்டாள். சேலத்துக்கு வா என்றேன். அப்பாவுக்கு வந்தது, அத்தைக்கு வந்தது, உனக்கும் எனக்கும் அது கொஞ்சமாவது வந்திருக்கலாம், இப்போது பார்த்தால் மாத்திரையோடு போய்விடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அக்கா கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் இப்ப உங்க வகையறாவா சாமி? உங்க கோயில்ல என்னைப் பொங்கப்பானை வெக்க உடுவீங்களா? சீக்குக்கு மட்டும் வந்து கூப்பிடறே."

நான் படித்த பாடத்தில் பொங்கல் பானை இல்லை.

அதற்குள் மாமா, அக்காவின் புருஷன், காட்டிலிருந்து வந்துவிட்டார். கெட்டவர் இல்லை. அக்காவை ஒரு சொல் சொல்லமாட்டார். ஆனால் இந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு சீக்குக் கிடையாது, இங்கே வந்த பிறகு அவளும் எங்கள் வீட்டு ஆள், அவளுக்கு எப்படி வரும் என்றார். சரி என்று நான் எழுந்திருக்கும்போது, தன் காலைக் கட்டிக்கொண்டு நின்ற மகளைக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"நாளைக்கு இந்தப் புள்ளையைக் கட்டிக்குடுக்கோணும் மாப்ளே. ஆத்தா வழிச் சீக்குன்னு பேராயிப்போச்சுன்னா எவன் வருவான்?"

மகளுக்கு அப்போது காதுகூடக் குத்தவில்லை. அதற்குள் மாப்பிள்ளை. அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றுக்கு. கட்டிவந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து எதுவும் வராது என்பதும் இதே வாய்தான். ஆத்தா வழிச் சீக்கு என்று ஊர் பேசும் என்று பயப்படுவதும் இதே வாய்தான். இரண்டில் எது உண்மை என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றார். அவர் கேலிக்குச் சொல்லவில்லை. அந்த மலைப்பாதையில் திரும்பி நடக்கும்போது, இத்தனை ஆண்டு செலவழித்துப் படித்த படிப்பைக் கொண்டு ஒரே ஒரு ஆளை ஒரே ஒரு பஸ்ஸில் ஏற்ற முடியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, வழியில் கிடந்த கல்லைத்தான் உதைத்தேன். கால் வீங்கியது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி: பாடத்தில் இருந்த அத்தனையும் இருந்தது.

பிறகு இரண்டு முறை போனேன். ஒரு முறை அவள் சந்தைக்குப் போயிருந்தாள், அல்லது அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தாள். இன்னொரு முறை மிளகு முடியட்டும் என்றாள். மிளகு முடிந்ததும் சாமை அறுப்பு.

அப்போதுதான் அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருவன்தான். பாவாடை சட்டை, தோடு, தேங்காய், பழம், பூ எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு அம்மாவோடும் பங்காளிகளோடும் போனேன். அவர்களுடைய குலசாமி கோயில் முன்னால் பலகை போட்டிருந்தது. காது குத்தும் ஆசாரி ஊசியைத் தயாராக வைத்திருந்தார். பிள்ளைக்குப் புதுச் சட்டையைப் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்கள்.

நான் பலகையில் உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேனா என்றால் இல்லை. அக்கா பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று ஒரு கையால் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டு, மறு கையை நெஞ்சுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். கை தானாகக் கட்டிக்கொண்டது.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தாய்மாமனான எனக்குச் செய்த மரியாதை குறைந்துவிட்டது என்று நினைத்தார்கள். எங்கள் பக்கத்தில் மாமன்கள் இப்படி முறுக்கிக்கொள்வது வழக்கம்தான். வேட்டி கரை சின்னதாக இருக்கிறது என்றார் ஒருவர். மாலை வாடிப்போன மாலை என்றார் இன்னொருவர். மாமா ஓடிப்போய், தனக்கென்று வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். நான் அதை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்தேன். படிக்க வைத்தால் இப்படித்தான் என்று கூட்டத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. எங்கள் பங்காளிகளுக்கு உள்ளூரச் சந்தோஷம். எங்கள் பையன் முறுக்குகிறான் என்று சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

என்னதான் வேண்டும் சொல்லு என்று மாமா கெஞ்சும் குரலில் கேட்டார். நான் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்.

"அக்கா எங்க வகையறா இல்லைன்னு சொல்றீங்க. அவ பொறந்த ஊட்டுல இருந்து ஒண்ணும் வராதுன்னு சொல்றீங்க. அப்ப இந்தப் புள்ளைக்கு நான் யாருங்க? ரோட்டுல போறவன் மடியில எதுக்கு உக்கார வெக்கறீங்க?"

அது முறை, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று சித்தப்பா முணுமுணுத்தார். ஆசாரி ஊசியை மறுபடி துணியில் துடைத்தார். பிள்ளை என் கையைப் பிரித்து மடிக்குள் நுழையப் பார்த்தது. அதை எதிர்த்துக் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் ஒன்று.

அக்கா வந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் குந்தினாள். கோபத்தில் அவள் முகம் சின்ன வயதில் என்னை அடிக்கக் கை ஓங்கும்போது இருந்த மாதிரியே இருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் சொல்றயே, நீ முழுங்கினயா அந்தக் குழாயை?"

நான் முழுங்கவில்லை. எனக்கு வலி இல்லை, அதனால் தேவை இல்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதை அங்கே சொன்னால் எடுபடாது என்று எனக்கே தெரிந்தது. இல்லை என்றேன்.

"அப்ப நீ போய் முழுங்கு. வகையறாப் பையன் நீதான். நான் உனக்குத் தொணைக்கு வாரேன். தம்பிக்குத் தொணைக்குப் போறதை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

கடைசி வாக்கியத்தை மாமாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மாமா தலையாட்டினார். அவர் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான், இவரும் இத்தனை நாள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், ஒரு வழி கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கையைப் பிரித்தேன். பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்தது. ஊசி ஏறியதும் என் முழங்கையைக் கடித்துவிட்டது.

சேலத்தில் டாக்டரிடம் விவரம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னை முதலில் படுக்க வைத்தார். தொண்டைக்கு ஏதோ மருந்தடித்து மரத்துப்போகச் செய்து, சுண்டுவிரல் தடிமன் கறுப்புக் குழாயை உள்ளே விட்டார். நான் குமட்டினேன், கண்ணில் நீர் ஒழுகியது, எச்சில் காது வரை வழிந்தது. அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டு, ஆடு தழை முழுங்கறதுகூட இதைவிட அழகா இருக்கும் என்றாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். ஒரு தடவைகூடக் குமட்டவில்லை. கையை மட்டும் இறுக்கி மூடியிருந்தாள்.

எனக்கும் கிருமி இருந்தது. ஆனால் வயிறு லேசாகச் சிவந்திருந்ததோடு சரி. அக்காவுக்குப் பெரிய புண். அதைச் சுற்றி உள்தோல் நிறம் மாறிப்போயிருந்தது. துளி சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவள் எங்கள் அம்மாவோடு இருந்தாள், கட்டிக்கொடுத்த பிறகு அங்கே அத்தனை நாள் தங்கியது அதுதான் முதல் முறை. முடிவில், புற்று இல்லை என்று வந்தது. ஆனால் தோல் மாற ஆரம்பித்துவிட்டது, கிருமிக்கு மாத்திரை சாப்பிட வேண்டும், அதற்குப் பிறகும் வருஷம் ஒரு தடவை குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுவிட்டால் அப்பா வழிதான் என்றார் டாக்டர்.

எனக்குத் தாங்கவில்லை. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ஊற்றுத் தண்ணீர், ஒரே கிருமி. அவளுக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். கூடப் பிறந்தவர்களுக்கும் எல்லாம் ஒரே மாதிரி வருவதில்லை என்றார் அவர். அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி, ஆனால் எந்தப் பாதி என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. அதுவாக இருக்கலாம். நீ சின்ன வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய், அவள் உப்புக்கண்டமும் பழைய குழம்புமாக இருந்தாள், அதுவாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். இத்தனை இருக்கலாம்களுக்கு நடுவில் ஓர் 'ஆம்' கிடைக்காதா என்று இருந்தது எனக்கு. பங்காளிகளிடம் நான் சொன்னபோது அவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் போல.

பஸ் ஸ்டாண்டில் அக்காவுக்கு அதை விளக்கினேன், பிள்ளைகளுக்குள் பாதி பாதியாகப் பிரிவதைப் பற்றி. மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பங்கு பிரிக்கிற மாதிரியா என்றாள். ஆமாம், கிட்டத்தட்ட என்றேன். பையிலிருந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள்.

"நெலம் உனக்கு. ஊடு உனக்கு. சாமி உனக்கு. படிப்பும் உனக்குத்தான் குடுத்தாங்க. எனக்குன்னு பிரிச்சது இது ஒண்ணுதானா கண்ணு?"

குரலில் கோபம் இல்லை, கணக்குச் சரிபார்க்கிற மாதிரிதான் கேட்டாள். பஸ் வந்துவிட்டது, இடம் பிடிக்க ஓடிவிட்டாள். ஜன்னலோரம் எனக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருந்தாள்.

மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். எரிச்சல் அடங்கியது. ரவிக்கை மறுபடி பிடிப்பாக ஆயிற்று. வந்தது என் புருஷன் வகையறாத் தெம்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அடுத்த வருஷம் அவளை எப்படிக் கிளப்புவது, எந்தச் சடங்கில் போய் எந்தக் கையைக் கட்டிக்கொள்வது என்று யோசித்தபடியே செம்மேட்டுக்குப் போனேன். அவள் எனக்கு முன்னாலேயே வந்து பையோடு நின்றிருந்தாள். தாமதமாக வந்ததற்குத் திட்டினாள்.

அதிலிருந்து வருஷா வருஷம் போகிறோம். டாக்டர் அவளுக்குக் குழாய் விட்டுப் பார்க்கிறார், தாளில் எழுதுகிறார், அடுத்த வருஷம் வா என்கிறார். இதுவரை கெட்டதாக ஒன்றும் இல்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் மலை மேல் இந்தப் பயணத்துக்கு வேறு பெயர். தம்பிக்கு வயிற்றில் வகையறாச் சீக்கு, பாவம், அக்காக்காரி வருஷம் தவறாமல் துணைக்குப் போய் வருகிறாள். மாமா அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். குண்டூர் நாட்டில் எனக்குப் பெண் பேசிய ஒரு சம்பந்தம் இதனால்தான் தட்டிப்போயிற்று. போன மாசம்கூடச் செம்மேட்டுச் சந்தையில் யாரென்றே எனக்குத் தெரியாத ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வயிறு இப்ப எப்பிடி இருக்குதுங் சாமி, களி தின்னாதே, கஞ்சியாக் குடி என்று சொன்னார்.

அழற்சி, மரபணு, கூடும், இருக்கலாம் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. நாலு கடை தள்ளி நின்று அக்கா மிளகுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள்.

"இப்பப் பரவாயில்லீங்க" என்றேன்.